ஆள் வைத்துக் கடை நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து, கடைகளுக்கும் சின்ன ஆலைகளுக்கும் சம்பளக் கணக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கணக்கும் எழுதுவது என் தொழில். டவுன் ரத வீதிப் பாத்திரக் கடை ஆனாலும் வள்ளியூர் மளிகைக் கடை ஆனாலும் வருகிற சந்தேகம் ஒன்றுதான். ஆள் கோபித்துக்கொண்டு போன மறுநாளோ, தொழிலாளர் துறையிலிருந்து தபால் வந்த அன்றோதான் போன் அடிப்பார்கள். அதற்கு முன்னாலேயே படித்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் இது போதாது, வக்கீலைப் பாருங்கள்.

எங்க கடையில மொத்தமே நாலு பேருதான். எங்களுக்கெல்லாம் என்ன சட்டம்?

ஒரே ஒரு ஆள் இருந்தாலும் உண்டு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வேலை நேரம், வார விடுமுறை, லீவு, ஆளை நிறுத்தும் முறை எல்லாவற்றையும் சொல்கிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் ஆள் எண்ணிக்கை கிடையாது. அந்த ஊதியத்தின் அகவிலைப்படி வருஷா வருஷம் ஏப்ரல் 1-ல் மாறும். போன வருஷத் தொகையையே கொடுத்துக்கொண்டிருந்தால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

எண்ணிக்கை பார்க்கிற விஷயங்கள் தனி. 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை (கிராஜுவிட்டி), பிரசவ விடுப்பு, பாலியல் புகாருக்கான உள்ளகக் குழு. 20 பேர் ஆனால் பி.எஃப்., போனஸ். பத்து, இருபது என்ற இந்த இரண்டு எண்ணையும் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் வைத்திருப்பவர்களுக்கு 1958-ல் வந்த உணவு நிறுவனங்கள் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. கீழே நான் கடைச் சட்டம் என்று சொல்வதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மச்சினன் மகன்தான் கல்லாவுல இருக்கான். அவனும் ஆள் கணக்குல வருவானா?

வருவான். முதலாளியோடு ஒரே வீட்டில் இருந்து அவரையே சார்ந்திருக்கிற கணவன், மனைவி, மகன், மகள், தாய், தகப்பன், உடன்பிறந்தவர்களைத்தான் கடைச் சட்டம் வேலையாள் கணக்கில் சேர்ப்பதில்லை. மச்சினன் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. ‘எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வச்சிருக்கோம்’ என்ற வாதத்துக்கும் அதில் இடமில்லை.

புதுச் சட்டம் வந்துட்டாமே, பழசெல்லாம் போச்சா?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. சம்பளம், போனஸ், பணிக்கொடை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அந்தத் தொகுப்புகளுக்குள் வருகின்றன. கடைச் சட்டம் மாநிலச் சட்டம். அது அப்படியே இருக்கிறது.

கடைக்காரருக்கு உடனே உறைக்கிற மாற்றம் மூன்று. ஆளைச் சேர்க்கும்போது நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியைப் பலவிதப் படிகளாகப் பிரித்து எழுதுகிற வித்தை இனிச் செல்லாது: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது சம்பளத்தோடு சேர்ந்துவிடும். வேலையை விட்டவருக்கு, நீங்களே நிறுத்தினாலும் அவராகவே நின்றாலும், இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். ‘அடுத்த மாசம் சம்பளத் தேதிக்கு வா’ என்று அனுப்புவது நம் ஊர் வழக்கம். அதை மறந்துவிடுங்கள்.

ஆர்டர் எழுதிக் கொடுத்தா, நாளைக்கு அதையே வச்சு நம்ம மேல கேஸ் போட மாட்டானா?

கடிதம் கொடுக்காவிட்டாலும் போடுவார். அப்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

ஒரு கடை. ஆள் 11 வருஷம் வேலை பார்த்தேன் என்கிறார், முதலாளி 6 வருஷம்தான் என்கிறார். முதலாளியிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. பெயர், அட்வான்ஸ் தொகை, கழித்ததற்கு ஒரு டிக். வருஷம் எங்கேயும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினார். சந்தன மாலை போட்ட ஆயுதபூஜைப் போட்டோ. தராசுக்குப் பக்கத்தில் திருநீறு பூசிக்கொண்டு இவர் நிற்கிறார், படத்தின் மூலையில் கேமரா போட்ட ஆரஞ்சு நிறத் தேதி. அதற்கு மேல் முதலாளி பேசவில்லை. இத்தனை வருஷமாக அதற்குக் கீழேதான் அவர் உட்கார்ந்திருந்தார்.

கடிதம் பெரிதாக இருக்க வேண்டாம். சேர்ந்த தேதி, வேலை, சம்பளம், அதில் அடிப்படை எவ்வளவு, வார விடுமுறை எந்தக் கிழமை. ஒரு பக்கம் போதும். ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

காலையில ஒன்பதுக்கு வந்து ராத்திரி ஒன்பதரைக்குப் போறான். மத்தியானம் ரெண்டு மணி நேரம் வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு வாரான். அதுவும் தப்பா?

இரண்டு இடத்தில் தப்பு. கடைச் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. உங்கள் ஆள் தூங்கின நேரம் போக பத்தரை மணி நேரம் நிற்கிறார். அப்புறம், வந்த நேரத்திலிருந்து போகிற நேரம் வரை, இடைவேளையும் சேர்த்து 12 மணி நேரத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. ஒன்பது முதல் ஒன்பதரை என்பது பன்னிரண்டரை. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை வாங்கினால் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பதும் உண்டு.

எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பாதிப் பேர், இன்னொரு ஆளை வைத்து மாற்றி மாற்றி வரச் சொல்வதே மலிவு என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். துணிக்கடைகளில் காலை மந்தமாகவும் மாலை நெரிசலாகவும் இருக்கும். பாதிப் பேரைப் பதினொன்றுக்கு வரச் சொன்னால் வியாபாரத்துக்கும் அதுதான் தோது.

வாடிக்கையாளர் இல்லாத நேரம் உட்காரவா? ஸ்டூல் போட்டா எழும்ப மாட்டாங்களே.

போட்டுத்தான் ஆக வேண்டும். உட்காரும் உரிமையை 2021-ல் தமிழ்நாடு இந்தச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. நாள் முழுக்க நின்று கால் வீங்கினவர் புடவை விரித்துக் காட்டும் லட்சணத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

லீவு எத்தனை நாள் கொடுக்கணும்?

ஒரு வருஷம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் லீவு. அது போகத் தற்செயல் விடுப்பு 12, உடம்பு சரியில்லாத லீவு 12. வார விடுமுறை இதில் சேராது. அதற்குச் சம்பளத்தைப் பிடிக்கவும் கூடாது.

ஆனித் தேருக்குக் கலெக்டர் லீவு விடுதாரு. கடையாளுக்கும் உண்டா?

உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும்தான். தனியார் கடைக்குத் தானாக வராது. உங்கள் ஆட்களுக்குச் சட்டம் தருவது வருஷத்துக்கு 9 நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாள். இது 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம்.

அந்த ஐந்தும் எவை என்பது முதலாளியையும் ஆட்களையும் கலந்து தொழிலாளர் ஆய்வாளர் குறிப்பது. ரத வீதியில் கடை என்றால் ஆனித் தேரை அந்த ஐந்தில் ஒன்றாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். நெல்லையப்பர் தேர் வாசலில் நிற்கும்போது உள்ளே யார் சாமான் வாங்க வரப்போகிறார்கள்? விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பள லீவும். தேர்தல் அன்று ஓட்டுப் போடச் சம்பளத்தோடு லீவு விடுவதும் சட்டம்தான்.

கல்லாவுல ஆயிரம் ரூபா குறையுது. எல்லார் சம்பளத்துலயும் பிரிச்சுப் பிடிச்சுட்டேன். சரிதானே?

சரியில்லை. கல்லாவுக்குப் பொறுப்பானவர் ஒருவர் இருந்து, அவருடைய கவனக்குறைவால்தான் போயிற்று என்று, அவர் சொல்வதையும் கேட்டபிறகு முடிவானால், அவரிடம் மட்டும் பிடிக்கலாம். சரக்கு எடுத்துக் கொடுக்கிற பெண்ணுக்கும் கல்லாவுக்கும் என்ன சம்பந்தம்?

அபராதம் வேறு, நஷ்டப் பிடித்தம் வேறு. தாமதமாக வந்ததற்கு ஐம்பது, போன் பார்த்ததற்கு நூறு என்று சுவரில் எழுதிப் போடுவதெல்லாம் செல்லாது. அபராதம் மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 3-ஐத் தாண்டக்கூடாது, என்னென்ன குற்றத்துக்கு என்பதற்கு அரசு ஒப்புதல் வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கையில் சேர வேண்டும். ரொக்கமாகக் கொடுப்பது தப்பில்லை, கையெழுத்து வாங்காமல் கொடுப்பதுதான் தப்பு.

இருபதாயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டு, இப்போ வேற கடைக்குப் போறேங்கான். கணக்கை முடிக்காம விட மாட்டேன்னு சொல்லலாமா?

எனக்கு அதிகமாக வருகிற கேள்வி இதுதான். பதிலும் அதிகம் பேருக்குப் பிடிக்காதது. சொல்லக்கூடாது. அவர் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். கடனைக் காட்டி ஆளைப் பிடித்துவைத்தால் அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய்விடும். 3 வருஷம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அதற்கு மேல், கொத்தடிமைக் கடன் என்று தீர்மானமானால் கடனே ரத்து. கொத்தடிமை என்றால் செங்கல் சூளை, அரிசி ஆலை என்றுதான் நமக்கு நினைப்பு. சட்டத்தில் இடம் எதுவும் குறிக்கவில்லை. ஏ.சி. போட்ட துணிக்கடையிலும் அது நடக்கலாம்.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரு தாள் எழுதுங்கள்: தொகை, தேதி, மாதம் எவ்வளவு கழிப்பது. பாதிச் சம்பள வரம்பு மேலே சொன்னதுதான். ஆள் போகும்போது கடைசிச் சம்பளத்தில் அந்த வரம்புக்குள் கழித்துக்கொண்டு, மீதிக்குக் கடன் பாக்கி என்று சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். என் அனுபவத்தில் யாரும் போனதில்லை. அதனால் நான் சொல்லும் யோசனை, இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வந்து நின்றால் மனசு கேட்காதுதான். அப்போது கொடுப்பதைத் திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள்.

அதுக்குத்தான் சார், ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி வச்சிருக்கேன்.

இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆளைப் பிடித்துவைப்பதற்காகச் சான்றிதழை வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் உங்களுக்கு உரிமை தரவில்லை. முந்தின கேள்வியில் சொன்ன குற்றத்துக்கு நீங்களே சாட்சியைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். எழுதாத தாளில் வாங்கின கையெழுத்துக்கும் இதே பதில்தான்.

எட்டு நாளா ஆளைக் காணோம். இன்னைக்கு வந்து நிக்கான். சேர்க்கணுமா?

அவர் தானாகவே வேலையை விட்டுவிட்டார் என்று நீங்களாக முடிவுகட்ட முடியாது. வராமல் போன இரண்டாம் மூன்றாம் நாளே, இன்ன தேதிக்குள் வேலைக்கு வாருங்கள், வராத காரணத்தை எழுதுங்கள் என்று வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் போட்டிருக்க வேண்டும். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு முறை எழுதியும் வரவில்லை என்றால் அப்புறம் விசாரணை.

எதுவுமே எழுதாமல் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால், நீங்களே நிறுத்தியதாகத்தான் ஆகும். சேர்த்துக்கொண்டு, வராத நாளுக்குச் சம்பளத்தைக் கழித்து, விளக்கம் எழுதி வாங்குங்கள்.

ஒரு மாசச் சம்பளத்தைக் கையில கொடுத்து, நாளையில இருந்து வராதேன்னு சொன்னா முடிஞ்சதுல்ல?

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவர் என்றால் முடியவில்லை. கடைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இரண்டையும் கேட்கிறது: நியாயமான காரணமும் வேண்டும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் சம்பளமோ வேண்டும். பணம் மட்டும் கொடுத்தால் பாதிதான் செய்திருக்கிறீர்கள். அவர் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். ‘டெம்பரவரி’ என்று வாயால் சொல்லி வைத்திருப்பதால் ஆறு மாதக் கணக்கு மாறாது.

வியாபாரம் படுத்துவிட்டது, ஆளைக் குறைக்க வேண்டும் என்றால் அது காரணம்தான். ஆனால் ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, நோட்டீஸோடு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு உண்டு. கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதுதான் முறை.

சி.சி.டி.வி.யில அப்படியே மாட்டியிருக்கான். கால் கிலோ பொட்டலம் ரெண்டு, டிபன் பைக்குள்ள. இதுக்குமா விசாரணை?

இதற்குத்தான் விசாரணை. திருடினவருக்கு நோட்டீஸ் மாதம் தேவையில்லை என்று அதே 41-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் குற்றம் விசாரணையில் பதிவான ஆதாரத்தோடு நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. ஆத்திரத்தில் ‘நாளை வராதே’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நல்ல வழக்கைத் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ‘நீ திருடன்’ என்று எழுதாமல், இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பொருளை எடுத்ததாகத் தெரிகிறது என்று எழுதுங்கள். பதில் சொல்ல நாலைந்து நாள் கொடுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் விசாரணை நாள் குறியுங்கள். விசாரிப்பவர் நீங்களாகவும் இருக்கக்கூடாது, பார்த்த சாட்சியாகவும் இருக்கக்கூடாது. வெளியாள் ஒருவர் நல்லது. படத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும், சாட்சிகளை அவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம், தன் பக்கம் ஆள் கொண்டுவரலாம். நடந்ததை எழுதிப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. அவர் கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள்.

விசாரணை முடியும் வரை இடைநீக்கம் செய்யலாம். ஆனால் அந்த நாட்களுக்குப் பிழைப்பூதியம் தர வேண்டும், முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி. போலீஸ் புகார் வேறு தடம், கடை விசாரணைக்கு அது மாற்று ஆகாது.

பணிக்கொடைன்னு ஒண்ணு கேக்கான். அது கம்பெனிக்காரங்களுக்குத்தானே?

கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் வேலை பார்த்திருந்தால் உங்கள் கடைக்கும் உண்டு. தீபாவளிக்கு மட்டும் கூடுதலாக எடுத்த ஆறு பேரும் அந்த ஒரு நாள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை வந்தபின் ஆள் குறைந்தாலும் சட்டம் விலகாது.

ஐந்து வருஷம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குங்கள். 13,000 ரூபாய், 8 வருஷம் என்றால்: ஒரு நாள் 500, பதினைந்து நாள் 7,500, எட்டு வருஷத்துக்கு 60,000. கடைசி வருஷத்தில் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதுவும் ஒரு வருஷம். வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் ஐந்து வருஷக் கணக்கே பார்க்கக்கூடாது. ஒப்பந்தக் காலம் குறித்துச் சேர்த்தவருக்குப் புதிய தொகுப்பில் ஒரு வருஷமே போதும். அட்வான்ஸ் பாக்கியை இதில் கழிக்க முடியாது.

கடை ஒண்ணு என் பேர்ல, ஒண்ணு மகன் பேர்ல. ரெண்டுலயும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர். பி.எஃப். வராதுல்ல?

பெயரை மட்டும் பார்க்க மாட்டார்கள். ஒரே குடோன், ஒரே கணக்குப் பிள்ளை, ஆள் இங்கேயும் அங்கேயும் மாறி நிற்பது, பணம் ஒரே இடத்தில் புரள்வது என்றால் இரண்டும் ஒரே நிறுவனம் என்று சேர்த்துவிடுவார்கள். அப்போது பழைய பாக்கியையும் வட்டியையும் சேர்த்தே கேட்பார்கள். உண்மையிலேயே மகன் தனி வியாபாரம் செய்கிறார் என்றால் பயமில்லை.

ஆளே வந்து, பி.எஃப். பிடிக்காதீங்க, கையில கொடுங்கன்னா?

பி.எஃப். பொருந்துகிற கடையில், 15,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் வேண்டாம் என்று சொல்ல அவருக்கே உரிமை இல்லை. எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. இரு பக்கமும் 12 சதவீதம், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள். இ.எஸ்.ஐ. 21,000 வரை: உங்கள் பங்கு 3.25, அவர் பங்கு 0.75.

அந்தப் பிள்ளை முழுகாம இருக்கு. நிறுத்திட்டு, பிரசவம் முடிஞ்சு வரச் சொல்லலாமா?

கூடாது. முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. கடையை இ.எஸ்.ஐ.யில் சேர்த்திருந்தால் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.யே கொடுக்கும். மாதாமாதம் 3.25 கட்டுகிறோமே என்று புலம்புகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒரு கணக்கைத்தான்.

எங்களுக்குப் பீடி சுத்துற பெண்கள் எல்லாம் அவங்கவங்க வீட்டுல இருந்துதான் சுத்துறாங்க. அவங்க எப்படி எங்க ஆள் ஆவாங்க?

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்து ஆட்கள் கேட்பது. நீங்கள் இலையும் தூளும் கொடுத்து, சுற்றின பீடியைத் தரம் பார்த்து வாங்குகிறீர்கள், கழித்துத் தள்ளுகிறீர்கள். மேற்பார்வை என்பது அதுதான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லி, வீட்டில் சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது. இடையில் ஒரு ஒப்பந்தக்காரரை நிறுத்திவைத்தாலும் பொறுப்பு உங்களைச் சுற்றித்தான் வரும்.

போகும்போது ‘எல்லாப் பாக்கியும் வாங்கிட்டேன்’னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வாங்கிட்டேன். இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுல்ல?

எழுதினது உண்மையாக இருந்தால் முடியாது. சட்டம் தந்த தொகையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு எழுதி வாங்கியிருந்தால், அந்தத் தாள் இருந்தும் அவர் கேட்கலாம். பணிக்கொடையை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க அவரால் முடியாது, எழுதி வாங்க உங்களாலும் முடியாது.

ஸ்டாம்ப் பேப்பரை விட, தனித்தனியாகப் பிரித்து எழுதின ஒரு வவுச்சர் மேல்: சம்பளம் இத்தனை நாளுக்கு இவ்வளவு, மீந்த லீவுக்கு இவ்வளவு, போனஸ் இவ்வளவு, பணிக்கொடை இத்தனை வருஷத்துக்கு இவ்வளவு, அட்வான்ஸ் கழித்தது இவ்வளவு. பணத்தைப் பாங்கில் போட்டு அந்த எண்ணையும் எழுதுங்கள். சேர்ந்த தேதி, நின்ற தேதி இரண்டும் இருக்கட்டும். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள்.